4எல் போட்டாலும் முன்சக்கரம் இழுக்கவில்லை: 2007 ஜிப்ஸி, நத்தம் பக்கம். உதவி தேவை

தோப்புக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2007 மாருதி ஜிப்ஸி கிங், 1.3 பெட்ரோல், சாஃப்ட் டாப். இரண்டு வருடம் முன்பு வாங்கினேன், நான் மூன்றாவது ஓனர். இருப்பது மதுரையில், வாரக் கடைசியில் தோப்புக்குப் போக வர இந்த வண்டிதான்.

நத்தம் தாண்டி, சிறுமலை அடிவாரத்தில் எங்கள் மாந்தோப்பு இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் வண்டிப்பாதை. நடுவில் ஒரு ஓடை. அதைத் தாண்டியதும் செம்மண் மேடு, நூறடி நீளம் இருக்கும். கோடையில் டிவிஎஸ் எக்ஸ்எல்லே ஏறிவிடும். ஐப்பசி மழையில்தான் வேடிக்கை.

போன வாரம் ஓடையில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். இறங்கி இரண்டு முன்சக்கர ஹப்பையும் (சக்கர நடுவில் டயல் இருக்கும், திருப்பினால்தான் சக்கரம் ஆக்ஸிலோடு சேரும்) லாக்கில் வைத்தேன். சின்ன லிவரை 4எல்லுக்கு, அதாவது நாலு சக்கர இழுவை லோ கியருக்கு, போட்டு இறக்கினேன். தண்ணீரைத் தாண்டியாகிவிட்டது, மேட்டில் பாதியில் நின்றுவிட்டது. பின்சக்கரம் ஒன்று மட்டும் சுற்றிச் சேற்றை வாரி அடிக்கிறது. முன்சக்கரம் இரண்டும் அசையவில்லை. கடைசியில் பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்து இழுத்தது. அந்த அண்ணன் "இதுக்கு எதுக்குத் தம்பி நாலு சக்கரம்" என்று கேட்டதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

டயர் கடையில் கேட்டேன். 31 இன்ச் மட் டயர் போட்டு, வண்டியை மூன்று இன்ச் தூக்கினால் எந்தச் சேற்றிலும் போகும் என்கிறார்கள். செலவு என்னவோ வண்டி விலையில் பாதியைத் தொடுகிறது. செய்யலாமா?

சும்மா_வந்தேன்:
டிராக்டரை வாங்கிவிடுங்கள். செலவு மிச்சம்.

கிரீஸ்கை:
தம்பி, டயர் பேச்சை ஓரமாக வையுங்கள். முன்சக்கரத்துக்கு இழுவையே போகாத வண்டிக்கு 31 இன்ச் டயர் எதற்கு? மூன்று கேள்வி கேட்கிறேன். யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

மாட்டி நின்றபோது வண்டிக்கு அடியில் முன்பக்கம் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றியதா, யாராவது பார்த்தார்களா? ஹப் டயலை லாக்கில் வைத்தபோது கையால் திருப்பினீர்களா, பிளையர் போட்டீர்களா? டிராக்டர் இழுத்து வெளியே வந்த பிறகு தார் ரோட்டில் எந்தக் கியரில் ஓட்டினீர்கள்?

தோப்புக்காரன்:
நன்றி அண்ணே. தோப்புக் காவல்காரர் தாத்தா தள்ளி நின்று குனிந்து பார்த்தார். "நடுவுல இரும்புத் தடி சுத்துதுப்பா, சக்கரம்தான் சுத்தல" என்றார். டயல் இரண்டும் ரொம்ப இறுக்கம். இடது பக்கத்துக்கு ஸ்க்ரூ பிளையர் போட்டுத்தான் திருப்பினேன். பதற்றத்தில் 4எச்சிலேயே (நாலு சக்கர இழுவை, ஹை கியர்) நத்தம் பஸ் ஸ்டாண்ட் வரை ஓட்டிவிட்டேன். ஸ்டியரிங் வழக்கம்போல லேசாகத்தான் இருந்தது, திரும்பும்போதும் எதுவும் தெரியவில்லை. அதில் ஏதாவது கெட்டிருக்குமா?

கிரீஸ்கை:
கெடவில்லை. ஆனால் நோய் எதுவென்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஜிப்ஸியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதி) கிடையாது. 4எச்சில் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். ஆனால் திரும்பும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தை விட அதிக தூரம் போக வேண்டும். மண்ணில் என்றால் சக்கரம் கொஞ்சம் சறுக்கிச் சமாளித்துவிடும். தார் ரோடு விட்டுக்கொடுக்காது. யாரோ பிரேக்கைப் பிடித்தமாதிரி வண்டி முரண்டு பிடிக்கும், ஸ்டியரிங் கனக்கும். உங்களுக்கு லேசாக இருந்தது என்றால் முன் அச்சு வேலையே செய்யவில்லை.

தாத்தா சொன்னது இன்னும் நல்ல செய்தி. புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றுகிறது என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) நன்றாக இருக்கிறது. செலவு அதிகம் இழுக்கும் இடம் அதுதான். பிரச்சினை அதற்கு அப்புறம், அநேகமாக ஹப்பில்.

"இரண்டு ஹப்புமா ஒரே நாளில் போகும்?" என்று கேட்பீர்கள். ஒன்று போனால் போதும். முன் ஹவுசிங்கில் (அச்சை மூடிய இரும்புக் கூட்டில்) இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல். எந்தப் பக்கம் லேசோ அந்தப் பக்கம் சுற்றலைத் தள்ளிவிடும். இடது ஹப் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பக்கத்து ஆக்ஸில் உள்ளுக்குள் சும்மா சுற்றும், வலது சக்கரம் நல்ல ஹப்போடு அப்படியே நிற்கும். உங்கள் பின் அச்சில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றியதும் இதே கதைதான்.

சோதனை சொல்கிறேன். சமதரையில் பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முன் ஹவுசிங்கைத் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். என்ஜின் ஆஃப், சின்ன லிவர் 4எச், பெரிய லிவர் முதல் கியர், இரண்டு ஹப்பும் லாக். இப்போது இடது சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வலது சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால், எந்தச் சக்கரம் சைக்கிள் சக்கரம் மாதிரி லேசாகச் சுற்றுகிறதோ அதுதான் குற்றவாளி.

டயலுக்கு இனிமேல் பிளையர் போடாதீர்கள். கையால் திரும்பவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். லாக்கில் வைத்ததும் வண்டியை நாலடி முன்னும் பின்னும் நகர்த்துங்கள், பல் அப்போதுதான் போய் உட்காரும்.

எம்எம்_உசிலை:
கிரீஸ்கை அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்றுமில்லை. டயர் பற்றி மட்டும் என் கணக்கு. நான் ஓட்டுவது பழைய மகிந்திரா ஜீப், ஆனால் வீட்டில் தம்பியிடம் ஜிப்ஸி இருக்கிறது.

ஜிப்ஸி கிங்கின் 205/70 ஆர்15 டயர் உயரம் 668 மில்லிமீட்டர். 31 இன்ச் என்றால் 787. கிட்டத்தட்ட 18 சதவீதம் பெரிசு. அந்த அளவுக்கு எல்லாக் கியரும் நீளும், அதாவது இழுவை குறையும். என்ஜின் 80 குதிரைச் சக்தி, டார்க் 103 நியூட்டன் மீட்டர், அதுவும் 4500 ஆர்பிஎம்மில். கீழே இழுவை குறைவான என்ஜின். போதாததற்கு ஜிப்ஸியின் லோ, ஹையை விட சுமார் 1.6 மடங்குதான். எங்கள் ஜீப்பில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஏற்கெனவே அவ்வளவு ஆழமில்லாத லோ கியரில் 18 சதவீதத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மேட்டில் கிளட்சைக் கருக்கப் போகிறீர்கள். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 70ஐத் தாண்டியிருக்கும்.

215/75 ஆர்15 போட்டால் 703 மில்லிமீட்டர். ஹவுசிங்குக்கு அடியில் 17, 18 மில்லிமீட்டர் கூடும். வண்டியைத் தூக்க வேண்டியதில்லை. மட் டயர் வேண்டாம், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏடி டயர் போதும். வாரத்தில் நீங்கள் ஓட்டுவது மதுரை நத்தம் ரோட்டில்தானே?

கரிசல்காட்டான்:
நாங்கள் பேரையூர்ப் பக்கம். ஏடி டயர் போதும் என்பது செம்மண்காரர் பேச்சு. எங்கள் கரிசலில் மழை பெய்தால் ஏடி டயர் ஐந்து நிமிடத்தில் உருண்டை வடை ஆகிவிடும். பட்டன் இடுக்கெல்லாம் மண் அடைத்து வழுவழுவென்று நிற்கும். அங்கே மட் டயர்தான், அதையும் கொஞ்சம் வேகமாகச் சுற்றவிட்டு மண்ணை உதறிக்கொண்டே போக வேண்டும். நின்றால் முடிந்தது. இரண்டு நாள் காயவிட்டுப் போவதுதான் உண்மையில் எங்கள் ஊர் வழி.

ஆனால் தோப்புக்காரருக்குச் செம்மண்ணும் சரளையும். மேலே ஓர் அங்குலம் வழுக்கும், அடியில் கெட்டித் தரை. அங்கே சக்கரத்தை வேகமாகச் சுற்றவிட்டால் குழிதான் விழும். காற்றை 18 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்து, 4எல்லில் இரண்டாம் கியர் போட்டு, ஒரே சீராக ஆக்சிலேட்டரைப் பிடித்து ஏறுங்கள். மேட்டை நேராக ஏறுங்கள், குறுக்கே சாய்வாக வேண்டாம். ஜிப்ஸி ஒடுக்கமான வண்டி. மூன்று இன்ச் தூக்கிய ஜிப்ஸி இன்னும் சுலபமாகச் சாயும்.

காற்றைக் குறைத்தால் டயரின் பக்கச் சுவர் பிதுங்கும். ஓடைக்கரையில் சீமைக்கருவேல முள் கிடக்குமே, பார்த்துப் போங்கள். தார் ரோடு ஏறியதும் காற்றை அடித்துவிட வேண்டும். சக்கரத்துக்கு அடியில் கொடுக்க எங்கள் ஊரில் ஒருவர் பனைமட்டையை வெட்டிப் போட்டார். கருக்கு கிழித்து டயர் போனதுதான் மிச்சம். தென்னை மட்டை போடுங்கள்.

சும்மா_வந்தேன்:
ஹப் சரியானதும் சொல்லுங்கள் பங்காளி. அழகர்மலைப் பின்பக்கம் ஒரு காட்டுப்பாதை இருக்கிறது, ஆளே இருக்க மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வண்டியைச் சோதித்துவிடலாம்.

எஃப்சி_அண்ணாச்சி:
ஆளே இல்லாததற்குக் காரணம் அது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் வண்டியோடு நுழைந்தால் வழக்கு, வண்டியும் அங்கேயே நிற்கும். சொந்தத் தோப்பு வைத்திருப்பவருக்கு எதற்கு அந்த வம்பு? கொழுக்குமலைக்கே சூரியநெல்லியிலிருந்து உள்ளூர் ஜீப்பில்தான் ஏற்றிப் போகிறார்கள், சொந்த வண்டியை விடுவதில்லை.

இன்னொன்று. 2007 வண்டி என்றால் 15 வருடம் முடிந்து 2022இல் புதுப்பித்திருப்பீர்கள், அடுத்தது 2027. அன்றைக்கு வண்டி ஆர்டிஓ முன்னால் நிற்க வேண்டும். வாகனத்தின் அடிப்படை அமைப்பைத் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மூன்று இன்ச் தூக்கிய வண்டியோடு அங்கே போய் என்ன சொல்வீர்கள்? முன்னால் இரும்பு புல் பார் (பம்பருக்கு முன் மாட்டும் கம்பித் தடுப்பு) இருந்தால் அதையும் கழற்றி வையுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராகக் கடிதம் அனுப்பிவிட்டது.

சும்மா_வந்தேன்:
சரி அண்ணாச்சி, தோப்பிலேயே பிரியாணி போட்டுவிடலாம்.

தோப்புக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று வீட்டு வாசலில் வைத்தே சோதித்தேன். இடது சக்கரத்தைச் சுற்றினால் வலது அசையவே இல்லை. வலதைச் சுற்றினால் கனமாக இருக்கிறது, உள்ளே ஏதோ உருளும் சத்தம். இடது சைக்கிள் சக்கரமேதான்.

ஹப் மூடியைக் கழற்றினேன். உள்ளே சந்தனம் மாதிரி வெளிறிய கிரீஸ், விரலால் தோண்டினால் கட்டி கட்டியாக வருகிறது. யாரோ பேரிங் கிரீஸை முழுக்க அடைத்து வைத்திருக்கிறார்கள். படம் அனுப்பியிருக்கிறேன். புது ஹப் வாங்க வேண்டுமா?

கிரீஸ்கை:
படம் பார்த்தேன். எதுவும் வாங்க வேண்டாம். முன்பு யாரோ பாசத்தில் கிரீஸை அள்ளி வைத்திருக்கிறார்கள். டயலைத் திருப்பினால் உள்ளே ஒரு வளையம் நகர்ந்து பல்லில் உட்கார வேண்டும். கெட்டி கிரீஸ் அதைத் தடுக்கிறது. நீங்கள் பிளையர் போட்டுத் திருப்பியதில் டயல்தான் நகர்ந்தது, வளையம் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. நிறம் வெளிறியிருப்பது தண்ணீர் போனதால்.

கழற்றும் வரிசையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு மொத்தத்தையும் டீசலில் கழுவுங்கள். ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறதா, பல் முனை மழுங்கியிருக்கிறதா பாருங்கள். நன்றாக இருந்தால் லேசான கிரீஸை விரலால் தடவி, அவ்வளவுதான், அடைக்காமல் பூட்டுங்கள். ஓ-ரிங் புதுசு போடுங்கள். வலதையும் கழற்றிக் கழுவுங்கள், அதையும் அதே ஆள்தான் செய்திருப்பார். வீல் பேரிங்கைத் தனியாகப் பாருங்கள், அதற்கு மட்டும் கிரீஸ் நிறைய வேண்டும்.

ஓடையில் இறங்கியதால் முன், பின் ஹவுசிங் ஆயிலைத் திறந்து பாருங்கள். மோர் நிறத்தில் வந்தால் மாற்றிவிடுங்கள். சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஹவுசிங் மேலே சின்ன பிரீத்தர், அதாவது காற்றுத் துளை, இருக்கிறது. அதற்கு ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி பானட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். மேம்படுத்த வேண்டும் என்று கை அரித்தால் முதலில் இதைச் செய்யுங்கள். இரண்டாவது, முன்னும் பின்னும் சேஸிஸில் போல்ட் போட்ட நல்ல கொக்கி. அடுத்த முறை டிராக்டர்காரர் பம்பரில் சங்கிலி கட்டிவிடக் கூடாது.

தோப்புக்காரன்:
முடித்துவிட்டேன். இரண்டு ஹப்பும் கழுவியாகிவிட்டது, பல் நன்றாக இருக்கிறது. இப்போது டயல் இரண்டு விரலால் திரும்புகிறது. இடதைச் சுற்றினால் வலது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பின் ஹவுசிங் ஆயில் நன்றாக இருந்தது, முன்னது மோர்தான், மாற்றிவிட்டேன். செலவு ஆயில், ஒரு கிரீஸ் டப்பா, இரண்டு ஓ-ரிங், உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு மாமாவுக்கு மூன்று டீ.

இன்று காலை தோப்புக்குப் போனேன். நேற்று இரவும் மழை. காற்று 18, 4எல், இரண்டாம் கியர். பழைய டயரோடுதான். பாதியில் ஒரு இடத்தில் லேசாக வழுக்கியது, ஆக்சிலேட்டரை மிதிக்கலாம் என்று கால் துடித்தது, அடக்கிக்கொண்டேன். ஏறிவிட்டது. தாத்தா மேலே நின்று கை தட்டினார். டிராக்டர் அண்ணன் ஊரில் இல்லை, அதுதான் வருத்தம்.

ஆனால் ஒரு புதுப் பிரச்சினை. திரும்பி வரும்போது 4எச்சில் தார் ரோடு ஏறினேன். நத்தத்தில் முனை திரும்பும்போது ஸ்டியரிங் கனக்கிறது, வண்டி இழுத்துப் பிடிக்கிறது, அடியில் டக்கென்று ஒரு சத்தம். கழுவிப் பூட்டியதில் எதையாவது தப்பாக மாட்டிவிட்டேனா?

கிரீஸ்கை:
தம்பி, நான் முதலில் எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். சின்ன லிவரை 2எச்சுக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.