பேக்கப் சர்வர் வேகம் 110-இல் தொடங்கி 15-க்கு விழுகிறது, எங்கே பார்ப்பது?

கேள்வி:
பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எங்கள் அலுவலகம். ஃபைல் சர்வரிலிருந்து பேக்கப் சர்வருக்கு தினமும் இரவு ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) ஓடுகிறது, நடுவில் 1 கிகாபிட் ஸ்விட்ச். தொடக்கத்தில் வினாடிக்கு 110 எம்பி (மெகாபைட்) போகிறது, அரை மணி நேரத்தில் 15-க்கு இறங்கிவிடுகிறது, காலையில் எல்லாரும் வேலையைத் தொடங்கிய பிறகும் முடிவதில்லை. வெண்டர் 10 கிகாபிட் ஸ்விட்ச் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்:
இப்போது வாங்காதீர்கள். 8 பிட் ஒரு பைட் என்பதால் 1 கிகாபிட் என்பதே வினாடிக்கு 125 எம்பிதான், ஹெடர் (தகவலோடு சேர்ந்து போகும் முகவரி விவரம்) எல்லாம் போக 110 கிடைக்கிறது என்றால் லைன் நன்றாக இருக்கிறது. கேபிள் கெட்டு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருந்தால் முதலிலிருந்தே 12-ஐத் தாண்டாது. வேகம் விழுந்திருக்கும் நேரத்திலேயே ஐபெர்ஃப் (நெட்வொர்க் வேகத்தை மட்டும் அளக்கும் கருவி) ஓட்டிப் பாருங்கள், அது டிஸ்கைத் தொடாது. 800 மெகாபிட் வந்தாலே நெட்வொர்க்கை விட்டுவிடலாம்.

அப்புறம், ஃபைல் சர்வர் படிக்கும் வேகத்தைத் தனியாக அளந்து பாருங்கள். டாரை (கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கருவி) நேராக டெவ் நல்லுக்கு (எழுதுவதையெல்லாம் தூக்கிப் போட்டுவிடும் போலி இடம்) எழுதச் சொன்னால் க்னு டார் (லினக்ஸில் வழக்கமாக இருக்கும் டார்) அதைத் தெரிந்துகொண்டு கோப்புகளைப் படிக்காமலேயே முடித்துவிடும், வேகம் பிரமாதமாகத் தெரியும், நம்பிவிடாதீர்கள். டார் தருவதை பைப் போட்டு கேட் கட்டளைக்குக் கொடுத்து, அங்கிருந்து டெவ் நல்லுக்கு அனுப்புங்கள், அப்போது கோப்புகளை உண்மையிலேயே படிக்கும்.

இன்னொரு பதில்:
சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தாலும் ஆர்சிங்க் தள்ளாடும். ஆனால் அரை மணி நேரம் ஓடிவிட்டு விழுகிறது என்றால் எனக்கு பேக்கப் சர்வர் டிஸ்க் மேல்தான் சந்தேகம். எஸ்எம்ஆர் டிஸ்கா என்று பாருங்கள். அதில் டிராக்குகள் (தகவல் எழுதும் வட்டப் பாதைகள்) கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஓரிடத்தில் திருத்தி எழுத பக்கத்து டிராக்குகளையும் மறுபடி எழுத வேண்டும். முதலில் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) பகுதியில் வேகமாக வாங்கிக்கொள்ளும், அது நிறைந்ததும் படுத்துவிடும். ஐஓஸ்டாட்டை (டிஸ்கின் வேலைப்பளுவைக் காட்டும் கட்டளை) எக்ஸ் ஆப்ஷனோடு ஓட்டி, டபிள்யூ அவெயிட் (ஒரு எழுதும் வேலை முடிய ஆகும் சராசரி நேரம்) எவ்வளவு என்று சொல்லுங்கள்.

கேட்டவர்:
ஐபெர்ஃப் 810 மெகாபிட். கேட் வழியாக டார் 170 எம்பி. பேக்கப் சர்வரில் யூட்டில் (டிஸ்க் வேலையாக இருக்கும் நேரம்) 100 சதவீதம், டபிள்யூ அவெயிட் 900 மில்லிசெகண்டுக்குக் கீழே வரவே இல்லை. தயாரிப்பாளர் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், நாலு டிஸ்கும் எஸ்எம்ஆர்தான். ரெய்டு 5 (பல டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் தகவல் தப்பும் அமைப்பு) போட்டிருக்கிறோம்.

பதில்:
அப்போ நெட்வொர்க்கும் ஃபைல் சர்வரும் சரி, பேக்கப் டிஸ்க்தான் தடை. ஸ்விட்சுக்கு வைத்த பணத்தில் சிஎம்ஆர் டிஸ்க் (டிராக்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதது) வாங்குங்கள். பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் வாங்கினால் கடைக்காரர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், மாடல் எண்ணை டேட்டாஷீட்டில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ரெய்டு 5-இல் ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்ற வேண்டாம், ரீபில்டு (புது டிஸ்கில் தகவலை மறுபடி உருவாக்குவது) நடக்கும்போது இன்னொரு டிஸ்க் போனால் மொத்தமும் போய்விடும். புது டிஸ்குகளில் அரேயை (டிஸ்க் தொகுப்பை) தனியாகக் கட்டி, முழு பேக்கப் ஒன்று எடுத்து, அதிலிருந்து ரீஸ்டோர் ஆகிறதா என்று பார்த்த பிறகு பழையதைக் கழற்றுங்கள்.