‘ஸ்போர்ட்ஸ் டிரிங்க்’: ‘ஈடுசெய்பானம்’ என்று ஒரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

‘ஸ்போர்ட்ஸ் டிரிங்க்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை வந்துள்ள ‘விளையாட்டுப் பானம்’, ‘ஊக்கபானம்’, ‘மின்பகுளிப் பானம்’ (மின்பகுளி என்பது சோடியம் போன்ற உப்புகள்) ஆகிய மூன்றையும், அந்தப் பானம் உடலுக்குள் செய்யும் வேலையோடு வைத்துப் பார்த்த பிறகு, ‘ஈடுசெய்பானம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

நெடுநேரம் ஓடும்போது வியர்வையோடு நீரும் சோடியமும் வெளியேறுகின்றன. தசைகளில் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்பட்ட மாவுச்சத்தும் குறைந்துகொண்டே வருகிறது. 1965இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேடும் அவருடைய குழுவினரும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்காகக் கேட்டோரேடு என்ற பானத்தை உருவாக்கியது இந்த இழப்புகளைக் கருத்தில் கொண்டுதான். அதில் சர்க்கரை சுவைக்காக மட்டும் சேர்க்கப்படவில்லை. சிறுகுடலின் உட்சுவரில் உள்ள ஒரு கடத்திப் புரதம், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை இரண்டு சோடியம் அயனிகளோடு சேர்த்தே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கப்படும் உப்பு சர்க்கரைக் கரைசலும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. அதில் உப்பு அதிகம், சர்க்கரை குறைவு.

இதை மனத்தில் வைத்துப் பார்த்தால், ‘மின்பகுளிப் பானம்’ சர்க்கரையின் பங்கை விட்டுவிடுகிறது. ‘விளையாட்டுப் பானம்’ யார் குடிக்கிறார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. அரை மணி நேரம் மட்டும் பயிற்சி செய்பவர், தண்ணீரே போதும் என்ற நிலையிலும், இது தமக்கானது என்று எண்ணிவிட அந்தப் பெயரே இடம் தருகிறது. ‘ஊக்கபானம்’ கூடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காஃபீன் கலந்த எனர்ஜி டிரிங்க்குகளுக்கு அது பொருந்தும். மேலும், விளையாட்டுச் செய்திகளில் ‘ஊக்கமருந்து’ என்பது தடை செய்யப்பட்ட பொருளைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டதால், ஒரு வீரர் ஊக்கபானம் அருந்தினார் என்று எழுதினாலே படிப்பவருக்கு ஐயம் எழும்.

‘ஈடுசெய்’ என்ற வினையடி அலுவலக வழக்கில் ‘ஈடுசெய் விடுப்பு’ என நன்கு பழகியது. ‘ஈட்டுப்பானம்’ என்று சுருக்கலாமே என்றால், ஈட்டுதல், அதாவது சம்பாதித்தல், என்ற பொருள் குறுக்கே வருகிறது. ‘இழப்பீடு’ வழக்குமன்றத்தை நினைவூட்டுகிறது.

இச்சொல்லுக்கு எதிராக ஒரு வலுவான மறுப்பு உண்டு: இழந்த அனைத்தையும் இந்தப் பானம் ஈடுகட்டிவிடும் என்று அது உறுதி கொடுப்பதுபோல் தோன்றலாம். ஒரு லிட்டர் வியர்வையில் உள்ள சோடியம் ஆளுக்கு ஆள் ஏறத்தாழ 20 முதல் 80 மில்லிமோல் (பொருளின் அளவைக் குறிக்கும் அலகு) வரை வேறுபடுகிறது. இத்தகைய பானங்கள் பலவற்றில் இருப்பதோ 20 மில்லிமோலை ஒட்டிய அளவுதான். ஆகவே வியர்வையில் இழந்ததைவிட அதிகமாகக் குடித்தால், இந்தப் பானமே ஆனாலும் இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போகும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடியிருந்ததோடு அது நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. இருப்பினும், விடுப்பு ஈடுசெய்வதும் ஓரளவுக்குத்தானே என்ற புரிதல் தமிழில் ஏற்கெனவே இருப்பதால், வரையறையில் ‘ஓரளவு’ என்று சேர்த்தால் போதும் எனக் கருதுகிறேன்.

உட்பிரிவுகளுக்கு, பானத்தின் செறிவை இரத்தத்தின் செறிவோடு ஒப்பிட்டு, பாடநூல்களை ஒட்டி ஒத்தசெறிவு, குறைசெறிவு, உயர்செறிவு என்ற அடைமொழிகளைக் கொள்ளலாம். 6 முதல் 8 விழுக்காடு வரை சர்க்கரையுள்ள வழக்கமான பானங்கள் பெரும்பாலும் இரத்தத்தின் செறிவை ஒட்டியவை. பழச்சாறு போன்ற உயர்செறிவுப் பானமோ முதலில் உடலிலிருந்தே குடலுக்குள் நீரை இழுத்துக்கொள்வதால், ஓட்டத்தின் நடுவே அது உதவாது.

என் வரைவு: ஈடுசெய்பானம் — நீடித்த உடற்பயிற்சியின்போது வியர்வையால் இழக்கும் நீரையும் உப்புகளையும், செலவாகும் மாவுச்சத்தையும் ஓரளவு ஈடுசெய்யும் வகையில் கலக்கப்பட்ட பானம். சேர்த்து எழுதுவதா, ‘ஈடுசெய் பானம்’ எனப் பிரித்து எழுதுவதா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். சேர்த்தே எழுதலாம் என்பது என் விருப்பம்.