முத்துப்பேட்டைக் காயலில் தார்ப்பாய் விரித்து வந்த கதை

பங்குனி அமாவாசையன்று முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனோம். வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு காலை ஏழு மணிக்கு ஜாம்புவானோடையில் ஏறினோம். நான், சித்தப்பா மகன்கள் இருவர், படகோட்டும் பெரியவர். தூக்குவாளியில் தயிர்சாதம், நார்த்தங்காய்.

எனக்கு மன்னார்குடிப் பக்கம். நீடாமங்கலத்தில் வெண்ணாற்றிலிருந்து பிரிகிற கோரையாறும் பாமணியாறும் இங்கே வந்துதான் கடலைத் தொடுகின்றன. சின்ன வயதில் பாமணியாற்றில் குதித்து ஆடியவன், அது முடிகிற இடத்தை நாற்பது வயதில்தான் பார்க்கிறேன். ஆறு மாதிரியே இல்லை! மேட்டூரை வழக்கம்போல ஜனவரி 28இல் மூடிவிட்டால் நல்ல தண்ணீர் குறைந்துபோகும். அப்புறம் உப்புத் தண்ணீரின் ராஜ்ஜியம்தான்.

கரையெல்லாம் சேற்றில் பென்சில் நட்டதுபோல மூச்சுவேர்கள். பெரியவர் ஒரு கிளையை வளைத்து, "இலைய நக்கிப் பாருங்க தம்பி" என்றார். கரித்தது. வேர் இழுத்த உப்பை இலை வழியாகக் கக்கிவிடுகிற மரமாம். கொஞ்சம் தள்ளி எலும்புக்கூடுகளாக நின்ற மரங்கள், 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கரையேறிய கஜா புயலில் பட்டுப்போனவை. அந்த இடத்தில் அவர் எதுவும் பேசவில்லை.

காயல் விரிந்ததும் கடலே வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் கழியைச் செருகிக் காட்டினார். இடுப்பளவுகூட இல்லை.

மதியம் முகத்துவாரம் பக்கம் ஒரு திட்டோரம் சாப்பிட்டோம். "அமாவாசைத் தண்ணி தம்பி, நல்லா வத்தும். கெளம்புவோம்" என்று இரண்டு தடவை சொன்னார். நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பாக் நீரிணைப் பக்கம் ஓதம் ஏறி இறங்குவது இரண்டடி அளவுதான். ஆனால் மூன்றடித் தண்ணீரில் இரண்டடி போனால் மிச்சம் என்ன? படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளினால் முட்டிவரை புதைகிறது. மூச்சுவேர் குத்தி தம்பி காலில் ரத்தம். ஒருவழியாக நகர்ந்தபோது பழைய வலைக்கயிறு தண்ணீருக்குள் சுழலும் காத்தாடியில் சுற்றி இஞ்சினும் நின்றது. கயிற்றை அறுத்தெடுத்தும் கிளம்பவில்லை.

"கடக்காத்து வரட்டும்" என்று பெரியவர் பீடி பற்றவைத்தார். எனக்கோ கோபம், என் மேலேயே.

மூன்றரை வாக்கில் தென்கிழக்கிலிருந்து காற்று விழுந்தது. தள்ளுகழியைப் படகின் முன்முனையான அணியத்தில் நிறுத்திக் கட்டி, தார்ப்பாயை அதில் விரித்து, கீழ்முனைக் கயிற்றை என் கையில் கொடுத்தார். துடுப்புதான் சுக்கான். "இழுங்க... விடுங்க, போதும்." தார்ப்பாய் புடைத்தது, படகு கோரையாற்று வாயை நோக்கி நகர்ந்தது. காலையில் இஞ்சின் இரைச்சலில் கேட்காத மடவை மீன் துள்ளல், நாரைச் சிறகடிப்பு எல்லாம் இப்போது கேட்டன. வேகம் என்னவோ மாட்டுவண்டி வேகம்தான்.

கரை சேர்ந்தபோது ஏழரை. கூடக் கொஞ்சம் பணம் நீட்டினேன். வாங்காமல், தார்ப்பாயில் கிழிந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அதில் கருவாடு காயப்போட வேண்டுமாம்.