மோகன் பகானில் மோகன் யார்? ஒரு கிளப் பெயருக்கு ஏன் இவ்வளவு சண்டை?

சால்ட்லேக்_வாசி:
வேலைக்காகக் கொல்கத்தா வந்து ஆறு மாதம் ஆகிறது. பக்கத்து மேசைக்காரர் மோகன் பகான் கால்பந்து கிளப்பின் தீவிர ரசிகர். போன வாரம் தெரியாத்தனமாக "உங்க ஏடிகே டீம்" என்று சொல்லிவிட்டேன். மனிதர் டீயைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் வகுப்பெடுத்தார், பாதி வங்காளத்தில். 1889, 1911, யாரோ ஒரு போஸ், ஒரு தோட்டம், இவ்வளவுதான் எனக்கு மிஞ்சியது. நம்ம ஊரில் ஒரு கிளப்பின் பெயரை மாற்றினால் யாராவது ரோட்டுக்கு வருவார்களா? இங்கே மட்டும் ஏன் இப்படி? அப்புறம், மோகன் யார்?

மைதான்_எட்டு_அணா:
மோகன் கிளப்பைத் தொடங்கியவர் இல்லை தலைவா, அது ஒரு பங்களாவின் பெயர். பகான் என்றால் தோட்டம். வடக்குக் கொல்கத்தாவில் கீர்த்தி மித்ராவின் வீடு மோகன் பகான் வில்லா, அங்கேதான் 1889 ஆகஸ்ட் 15 அன்று ஆரம்பித்தார்கள். முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ், பெரிய வழக்கறிஞர். நமக்கும் ஒரு தொடர்பு உண்டு, 1914ல் காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியபோது தலைமை வகித்தவர் இவர்தான். முதலில் வைத்த பெயர் மோகன் பகான் ஸ்போர்ட்டிங் கிளப். "துப்பாக்கி சுடுவதும் இல்லை, தூண்டில் போடுவதும் இல்லை, அப்புறம் என்ன ஸ்போர்ட்டிங்?" என்று ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் கேட்டாராம், அதனால் அத்லெடிக் கிளப் ஆனது என்று கதை சொல்வார்கள்.

ஆனால் வீட்டுப் பெயர் ஊர்ப் பெயரானது 1911 ஜூலை 29ல். ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கால்பந்துக் கோப்பையின் இறுதிப் போட்டி, எதிரே பிரிட்டிஷ் ராணுவத்தின் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவு. நம்மாட்கள் பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால், சுதிர் சட்டர்ஜி மட்டும் பூட்ஸ். 2-1. உங்கள் நண்பர் டீயைக் கீழே வைத்தது இதற்காகத்தான்.

இலிஷ்_பக்தன்:
மோகன் பகானின் எதிரிகளான எங்கள் கட்சி கதையையும் கேளுங்கள். 1920 ஜூலை 28, ஜோராபகான் என்ற கிளப் மோகன் பகானோடு ஆட இருந்தது. சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைக் காரணமே சொல்லாமல் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் கிழக்கு வங்காளத்துக்காரர். ஜோராபகானின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரியும் அந்தப் பக்கம்தான், எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை, கோபத்தில் வெளியேறி ஆகஸ்ட் 1ல் தனி கிளப் தொடங்கிவிட்டார். பெயர் ஈஸ்ட் பெங்கால், வேறென்ன வைப்பார்! 1947ல் எல்லை போட்டதும் வீடு வாசலை விட்டு வந்த அகதிகளுக்கு, விட்டுவந்த மண்ணின் பெயரோடு இங்கே இருந்தது இந்தக் கிளப்தான். இன்று வரைபடத்தில் கிழக்கு வங்காளம் என்று ஒரு இடமே இல்லை, மைதானத்தில் இருக்கிறது.

ஒரு வேடிக்கை, ஆற்று நாட்டுக்காரர்களான எங்கள் சின்னம் தீப்பந்தம், அவர்களுடையது பாய்மரப் படகு.

கடைசி_பெஞ்ச்_கோலி:
ரெண்டு பேரும் நிறுவனர் புராணத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பாடுகிறீர்கள். சௌதுரி 1920ல் பிரிவினையையா கனவு கண்டார்? ஒரு ஆளை டீமில் சேர்க்காத கோபம், அவ்வளவுதான். அகதிகள் வந்து சேர்ந்த பிறகுதான் அந்தப் பெயருக்கே கனம் வந்தது. அதிலும் பாருங்கள், 1949, 50, 51 என்று வரிசையாக ஷீல்டு வென்ற ஈஸ்ட் பெங்காலின் பஞ்ச பாண்டவர்கள் வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் தெற்கத்தியர்கள், ஒருவர்கூட வங்காளி இல்லை! அகதி முகாம் மொத்தமும் இவர்களுக்குத்தான் தொண்டை கிழியக் கத்தியது.

ஏடிகே விஷயம் வேறு. விளம்பரதாரர் பெயரை முன்னால் ஒட்டுவது புதிது இல்லை, ஒரு காலத்தில் கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால், மெக்டவல் மோகன் பகான் என்று இரண்டும் ஆடின. ஏடிகே அப்படி ஒரு சரக்கின் பெயர் இல்லை. 2014ல் முளைத்த அத்லெடிகோ டி கொல்கத்தா என்ற இன்னொரு அணி. 2020ல் இணைத்து ஏடிகே மோகன் பகான் என்றார்கள். நேற்று வந்தவன் பெயர் முன்னால், 1889 பின்னால். யாருக்குத்தான் எரியாது? 2023 மார்ச் 18, கோவாவில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற ராத்திரியே உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா அந்த மூன்றெழுத்தை எடுப்பதாக அறிவித்தார். இப்போது மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட். வால் ஒட்டியதை விட்டுவிட்டார்கள், தலை சரியாக இருக்கிறதே.

சால்ட்லேக்_வாசி:
நன்றி மக்களே. இன்று மதியம் "சென்னையில் மாநாட்டுத் தலைவராக வந்த பூபேந்திரநாத் போஸ்தானே?" என்று சும்மா எடுத்துவிட்டேன். மனிதர் தன் டப்பாவிலிருந்து இரண்டு இறாலை எடுத்து என் தட்டில் வைத்தார். இறால் அவர்கள் கட்சி மீனாம், இலிஷ் (ஹில்சா மீன்) எதிர்க்கட்சி. எனக்கு இலிஷ்தான் பிடிக்கும் என்பதை இன்னும் சொல்லவில்லை.