கலைச்சொல்: விற்க நிற்பவர் சொல்லும் விலைக்கு என்ன பெயர்?

க., வெள்ளவத்தை:

எல்லோருக்கும் வணக்கம். டிஜிட்டல் பிணையங்களின் (டோக்கனாகப் பதிந்த பங்கு, கடன் பத்திரம் போன்றவற்றின்) இரண்டாந்தரச் சந்தை, அதாவது ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மற்றவர்களுக்கு விற்கும் சந்தை, பற்றிய பயனர் வழிகாட்டி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி காலை கொடுத்தாக வேண்டும். திரையில் இரண்டு நிரல்கள். இடப்பக்கம் பிட்: வாங்க நிற்பவர் தரச் சம்மதிக்கும் விலை. வலப்பக்கம் ஆஸ்க்: விற்க நிற்பவர் எதிர்பார்க்கும் விலை. ஆஸ்க் என்பதற்குக் ‘கேட்பு விலை’ என்று போட்டேன். வாசித்தவர்கள் அதை வாங்குபவரின் விலை என்றே எடுக்கிறார்கள். தலைப்பில் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் இடமில்லை. என்ன போடலாம்?

சி., கொட்டாஞ்சேனை:

அன்பின் தங்கச்சி, வாசித்தவர்களில் பிழையில்லை. தமிழில் விலை கேட்பவன் வாங்குபவன்; விற்பவன் விலை சொல்வான். புறக்கோட்டையில் மீன் வாங்கப் போனவர் திரும்பி வந்து, “கிலோ இரண்டாயிரம் சொல்லுறான், நான் ஆயிரத்து எண்ணூறுக்குக் கேட்டன், தரேல்ல” என்பார். ஆஸ்க், பிட், நடுவில் இருநூறு ரூபா இடைவெளி, வியாபாரம் படியாத நிலை, எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தால் நிரல் இடம் மாறிவிடும்.

இலங்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பொருளியல் பாடம் ‘கேள்வியும் நிரம்பலும்’ என்று படிப்பிக்கிறது. உயர்தர மாணவனுக்குக் கேள்வி என்றாலே வாங்குபவர் பக்கம். தமிழ்நாட்டில் ‘தேவை, அளிப்பு’ என்பதால் அங்கே இந்த இடறல் குறைவு. ‘கோரல் விலை’யும் வேண்டாம்: விலைமனுக் கோரல் விளம்பரத்தில் கோருவது வாங்கப்போகும் திணைக்களம்தான்.

‘சொல்விலை’ என்று வையுங்கள். வினைத்தொகை. சொன்ன, சொல்கின்ற, சொல்லும் என்ற மூன்று காலத்துக்கும் இடம் தரும். விற்பவர் விலையை மாற்றிக்கொண்டே இருப்பதால் காலம் கரந்த தொகையே பொருத்தம்.

ம., கோட்டை:

சொல் எதைச் சுமக்க வேண்டும் என்று முதலில் பார்ப்போம். விற்பவர் இரண்டைப் பதிகிறார்: ஓர் அலகுக்கு இவ்வளவு, இத்தனை அலகு. அந்த விலை அவர் ஏற்கும் ஆகக் குறைந்தது. பட்டியலில் குறைந்த விலை முன்னுக்கு நிற்கும். ஒரே விலையில் இருவர் நின்றால் முதலில் பதிந்தவருக்கு முதலிடம்.

வலப்பக்கம் 24.70 டொலருக்கு 200 டோக்கன், 25.10க்கு 300, 27.00க்கு 500 நிற்கின்றன என்று வையுங்கள். இடப்பக்கத்தில் ஆகக் கூடியது 23.90. இடைவெளி 80 சதம். ஒருவர் 24.70ஐப் பார்த்துவிட்டு, விலை குறிக்காமல் 600 வாங்கக் கட்டளை கொடுக்கிறார். கட்டளை மூன்று படியும் ஏறும்: 4,940 + 7,530 + 2,700 = 15,170 டொலர். அவர் மனக்கணக்கில் வைத்திருந்தது 14,820. எல்லைக் கட்டளையாக, அதாவது இதற்கு மேல் தரமாட்டேன் என்று விலை குறித்து, 24.70 என்று கொடுத்திருந்தால் 200 மட்டும் கைக்கு வந்து, மீதி 400க்கான கேள்வி அதே விலையில் இடப்பக்கம் நிற்கும்.

அடுத்த பிழை இதைவிட மோசம். கடைசி வியாபாரம் இப்போது 27.00 என்று காட்டும். டோக்கன் வைத்திருப்பவர் அதைத் தன் விலையாக நினைத்து, விலை குறிக்காமல் விற்கிறார். அவருக்குக் கிடைப்பது 23.90. ஆகவே நம் சொல் ‘இன்னும் விற்காதது’ என்பதைக் காட்டியே ஆக வேண்டும்.

டிஜிட்டல் பிணையத்தில் இந்தப் படிகள் தூரதூரமாக இருக்கக் காரணம் விற்கவும் வாங்கவும் வரக்கூடியவர்கள் குறைவு என்பதே. அமெரிக்காவில் கட்டுப்பாடுள்ள பிணையத்தை (பதிவு செய்யாத விற்பனையில் பெற்றதை) பிணையங்கள் ஆணைக்குழுவின் 144ஆம் விதியின் வழியாக விற்க, அதை வெளியிட்ட நிறுவனம் அந்த ஆணைக்குழுவிடம் அறிக்கை தாக்கல் செய்வதாயின் ஆறு மாதமும் இல்லாவிட்டால் ஓராண்டும் வைத்திருக்க வேண்டும். வாங்குபவரின் பணப்பை முகவரி (டோக்கன் போய்ச் சேரும் மின்கணக்கு) அனுமதிப் பட்டியலில் இல்லாவிட்டால், விலை பொருந்தினாலும் டோக்கன் நகராது. சில தளங்களில் இருப்பது வெறும் அறிவிப்புப் பலகை. அங்கே போட்ட விலை விற்பவரைக் கட்டுப்படுத்தாது. ஆளைத் தொடர்புகொண்டுதான் முடிக்க வேண்டும். கட்டுப்படுத்தும் விலை ‘உறுதி’, மற்றது ‘குறிப்பு’ என்று முன்னொட்டு வைக்க இடம்விடுங்கள்.

த., பம்பலப்பிட்டி:

சி. ஐயா சொன்ன வழி சரி. இன்னும் கொஞ்சத் தூரம் போயிருக்கலாம். சொல்வதையும் விற்பதையும் ஒரே வேரில் வைத்த வினை நம்மிடம் இருக்கிறது: பகர்தல். பட்டினப்பாலை வணிகர் ‘பல்பண்டம் பகர்ந்து வீசும்’ என்கிறது. அதற்கு முன்னடியே கொள்வதை மிகையாகக் கொள்ளாமல், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமல் என்று வருகிறது. இரண்டு நிரலும் அங்கேயே இருக்கின்றன. சிலப்பதிகாரத்தின் இந்திர விழாவில் ‘பகர்வனர் திரிதரு நகர வீதி’. ஆகவே ஆஸ்க் ‘பகர்விலை’, பிட் ‘கொள்விலை’. நொடுத்தல், நொடை என்பனவும் விற்பனைச் சொற்களே. கள் விலைக்கு நொடை என்ற பழைய வழக்கு இருக்கிறது; நொடிதல் என்றாலும் சொல்லுதல்தான். இந்த இணை தற்செயலாக இருக்காது என்றே எனக்குப் படுகிறது.

க.:

ஐயா, பகர்விலை எனக்கும் பிடித்தது. அதைத் திரையில் போட்டுப் பார்த்தேன். ககரத்தின் மேல் ஒரு விசிறி கூடினால் ‘பகிர்விலை’. பங்கு வாங்குகிற இடத்தில் அதைப் பங்கின் விலை என்றுதான் வாசிப்பார்கள். கைப்பேசியின் சிறிய எழுத்தில் ரகரத்துக்கு முந்திய விசிறியைக் கண்ணால் பிரிக்க முடியவில்லை. கொள்விலை நம் கணக்கியலில் கொடுத்து முடித்த விலை. பிட் இன்னும் கொடுக்காத விலை.

த.:

தட்டச்சுப் பிழைக்குப் பயந்து இரண்டாயிரம் ஆண்டுச் சொல்லை விட வேண்டுமா? ‘இரண்டாந்தரச் சந்தை’ என்று எழுதுகிறோமே, அது மட்டமான சந்தை என்றல்லவா கேட்கிறது? அதை ஒருவரும் மாற்றவில்லை.

ம.:

அதையும் ‘இரண்டாம் நிலை’ என்று மாற்றுங்கள், நான் ஆதரிக்கிறேன். ஆனால் ‘விற்கும் விலை’ என்று மட்டும் யாரும் போட்டுவிடாதீர்கள். வங்கியின் நாணயமாற்றுப் பலகையில் அது வங்கி விற்கும் விலை. நம் திரையில் விற்க வந்தவர் தனக்குக் கிடைக்கும் விலை என்று எடுப்பார். செய்கையை விட்டு ஆளைச் சொன்னால் தப்பலாம்: ‘விற்போர் விலை’, ‘வாங்குவோர் விலை’.

க.:

தலைப்பில் ஏழெழுத்தில் அடங்குகிறது. ‘விற்போர் விலை’, ‘வாங்குவோர் விலை’, ‘விலை இடைவெளி’ என்று வைக்கிறேன். சந்தையின் பெயர் ‘இரண்டாம் நிலைச் சந்தை’.

சி.:

என் மறுப்பைக் குறித்து வையுங்கள். ‘விற்போர் விலை’யில் விற்று முடிந்ததா இல்லையா என்பது தெரியவில்லை, ம. தம்பி முதலில் கேட்டதே அதுதான். அருஞ்சொல் விளக்கத்தில் ‘விற்போர் சொல்லும் விலை’ என்றாவது இருக்கட்டும்.

த.:

அதே விளக்கத்தில் ‘பகர்விலை எனவும்படும்’ என்று ஒரு வரி சேருங்கள்.

க.:

இரண்டையும் சேர்த்துவிட்டேன், ஐயா. ‘உறுதி விற்போர் விலை’ தலைப்பில் அடங்குகிறதா என்று இனித்தான் பார்க்க வேண்டும்.