உங்கள் கண்ணெதிரே ஹார்மோன் வேலை செய்த அனுபவம் உண்டா?

தொடங்கியவர்

நானே ஆரம்பித்து வைக்கிறேன். எங்கள் நாய் போன மாதம் என் செருப்பு ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் வைத்துக் காவல் காத்தது. கிட்டே போனால் உறுமல். காம்பைப் பிதுக்கினால் பால். ஆண் நாய் பக்கமே போனதில்லை. பதறிப்போய் ஸ்கேன் எடுத்தோம், வயிற்றில் ஒன்றுமே இல்லை.

"பொய்ச்சினை" என்றார் மருத்துவர். பெட்டை நாய்க்குப் பருவம் முடிந்ததும், இணை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், சூலகத்தில் முட்டை வெளியேறிய இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற திசு உருவாகி, சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைச் சுமார் இரண்டு மாதம் சுரக்குமாம். அதை மட்டும் அளந்தால் எது சினை, எது சும்மா என்று சொல்லவே முடியாது. ரத்தத்தில் ரிலாக்ஸின் என்ற ஹார்மோன் இருந்தால்தான் சினை, ஏனென்றால் அது நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. இரண்டு மாதம் கழித்துப் புரோஜெஸ்டிரோன் இறங்க, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறும். பால் வரும், பாசம் வரும், குட்டி மட்டும் வராது.

காம்பைப் பிதுக்கியதற்கு நன்றாகத் திட்டு வாங்கினேன். பிதுக்கப் பிதுக்கப் பால் இன்னும் ஊறுமாம். இரண்டு வாரத்தில் செருப்பு திரும்பக் கிடைத்தது, கடித்த தடம் ஒன்றுகூட இல்லாமல்.

நாய் வளர்ப்பவர்

அதே புரோஜெஸ்டிரோனை நான் தெர்மாமீட்டரில் பார்த்திருக்கிறேன். ஈற்று நெருங்கும்போது காலையும் மாலையும் சூடு பார்த்து எழுதி வைப்பேன். ஒரு நாள் காலை 38.2 டிகிரி, இரவு 37.0. புரோஜெஸ்டிரோன் சரிந்தால் உடல் சூடும் சுமார் ஒரு டிகிரி குறையும். அதன்பின் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி. மறுநாள் மதியம் முதல் குட்டி விழுந்தது. இரவு முழுக்க விழித்திருந்த நான் சரியாக அந்த நேரம் பார்த்துத் தூங்கிப்போனேன்.

கால்நடை மருத்துவர்

என்னுடையது தப்பு செய்து கற்றது. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆடுகளை ஒரே சமயத்தில் பருவத்துக்குக் கொண்டுவர புரோஸ்டாகிளாண்டின் ஊசி போடச் சொன்னார்கள். "ஒன்றும் சினை இல்லை" என்ற வாய்வார்த்தையை நம்பிப் போட்டேன். இரண்டு வெள்ளாடுகள் கரு கலைந்து நின்றன.

செம்மறியாக இருந்திருந்தால் சுமார் 50 நாளுக்குப் பிறகு நஞ்சுக்கொடியே புரோஜெஸ்டிரோன் பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிடும். வெள்ளாடு அப்படியில்லை. 150 நாளும் கார்பஸ் லூட்டியத்தை நம்பித்தான் சினை நிற்கிறது. அதைக் கரைப்பதுதான் அந்த ஊசியின் வேலையே. அன்றிலிருந்து ஸ்கேன் பார்க்காமல் ஊசியைத் தொடுவதில்லை.

ஈற்று நாளைக் குறிப்பது தாய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆட்டில் குறிப்பது குட்டி. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் 1960-களில் செம்மறிக் கருக்குட்டியின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை அழித்துப் பார்த்தார். நாள் கடந்தும் தாய்க்கு வலி வரவில்லை. பிட்யூட்டரி தூண்டி, குட்டியின் அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்டிசால் ஏறினால்தான் நஞ்சுக்கொடி ஈஸ்ட்ரோஜெனுக்கு மாறும், புரோஜெஸ்டிரோன் விழும், கருப்பை இறுகத் தொடங்கும். அப்புறம் குட்டி கருப்பை வாயை அழுத்த அழுத்த, கருப்பையை இன்னும் இறுக்கும் ஆக்ஸிடோசின் பாயும்.

குறைமாதக் குழந்தையின் அம்மா

இதைப் படித்ததும் கொஞ்சம் திக்கென்றது. 31-ஆவது வாரத்தில் எனக்கு வலி எடுத்தபோது, குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கென்று ஸ்டீராய்டு ஊசி இரண்டு போட்டார்கள், 24 மணி நேர இடைவெளியில். அதுவும் கார்டிசால் மாதிரிதானே? அதனால் பிரசவம் முந்தியிருக்குமா?

கால்நடை மருத்துவர்

இல்லை அம்மா, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நிறைமாதப் பசுவுக்கு அந்த வகை ஊசி போட்டால் சில நாளில் கன்று போட்டுவிடும், அது உண்மை. ஆனால் ஆட்டின் நஞ்சுக்கொடியில் கார்டிசால் தூண்டிவிடும் நொதி மனித நஞ்சுக்கொடியில் கிடையாது. மனிதரில் பிரசவத்துக்கு முன் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் விழுவதும் இல்லை. இன்னொன்று, உங்களுக்குப் போட்ட ஊசிக்கு வழி காட்டியதும் அதே லிக்கின்ஸ்தான். குறைமாதத்தில் பிறந்த செம்மறிக்குட்டி ஒன்று சாக வேண்டியது, மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்ததைக் கவனித்தார். ஸ்டீராய்டு பெற்ற குட்டி அது. 1972-இல் அவரும் குழந்தை மருத்துவர் ஹோவியும் தாய்மார்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள்.

குறைமாதக் குழந்தையின் அம்மா

நன்றி சார். அவளுக்கு இப்போது நாலு வயது. மூச்சு விடாமல் பேசுகிறாள்.

தொடங்கியவர்

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். நாய்க்கு மறுபடி பருவம் வந்து போய் இரண்டு மாதம் ஆகிறது. இன்று காலை முதல் மற்ற செருப்பைக் காணோம்.