ஸ்னாட்ச் எடுக்கும்போது பீப் சத்தம் தாமதமாக வருகிறது, என்ன செய்யலாம்?

சத்துவாச்சாரி_அப்பா:
காட்பாடியில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பையனுக்கு 14 வயது, பளு தூக்குகிறான். (2014-லும் 2018-லும் காமன்வெல்த் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் எங்கள் சத்துவாச்சாரி. இங்கே தெருவுக்கு ஒரு பையன் பார் பிடிப்பான்.) ஸ்னாட்சில் (பாரைத் தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது) பார் தரையை விட்டதுமே இவன் இடுப்பு முந்திக்கொண்டு எழும்பிவிடுகிறது, முதுகு கவிழ்கிறது. மாஸ்டர் கத்தி ஓய்ந்துவிட்டார். அதனால் சாய்வு, அசைவை அளக்கும் எம்பியூ6050 சென்சார், அதைப் படித்துக் கணக்கிடும் ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டு இரண்டையும் எலாஸ்டிக் பட்டையில் தைத்து மேல்முதுகில் கட்டினேன். முதுகு 5 டிகிரி கவிழ்ந்தால் புளூடூத் இயர்போனில் பீப். "பார் முட்டியைத் தாண்டினப்புறம்தான்பா கேக்குது" என்கிறான். கோளாறு எங்கே?

ராணிப்பேட்டை_சால்டர்:
இயர்போனில்தான் அண்ணே. புளூடூத்தில் சத்தம் காதுக்கு வர 100, 200 மில்லிசெகண்ட் சாதாரணமாகப் போய்விடும். தரையிலிருந்து முட்டி வரை பார் வர அரை செகண்ட்தான் ஆகும். பீசோ பஸ்ஸரை (பீப் அடிக்கும் சின்ன வில்லை) நேராக போர்டிலேயே பற்றவையுங்கள். சாய்வை, சென்சாரில் முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரை மட்டும் நம்பிக் கணக்கிடாதீர்கள், உடம்பு வேகமெடுக்கும்போது பொய் சொல்லும். அதிலேயே சுழலும் வேகத்தை அளக்கும் ஜைரோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்சாரின் 20 அளவீடுகளைச் சேர்த்துச் சராசரி போட்டிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அதுவும் தாமதம்தான்.

பழைய_லிஃப்டர்:
பஸ்ஸர் சரி. ஆனால் சத்தம் கேட்டு உடம்பு அசையவே 0.15 செகண்ட் ஆகும். கனமான எடையில் நடுவழியில் திருத்த முடியாது, பையன் திடுக்கிட்டால் பார் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. காலி பாரில், முட்டியில் நிறுத்தி நிறுத்தி மெதுவாக இழுக்கும்போது மட்டும் உடனே ஒலிக்கட்டும். கனத்தில், பாரைக் கீழே போட்ட பிறகு ஒரே ஒரு பீப் போதும். இன்னொன்று, ஒரு செட் விட்டு ஒரு செட் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதுகை மறந்து பீப்புக்குக் காத்திருப்பான். போட்டி மேடையில் யார் பீப் அடிப்பது?

சத்துவாச்சாரி_அப்பா:
இரண்டு பேருக்கும் நன்றி. பஸ்ஸர் வைத்தேன், கேட்கிறது. முதலில் எடை பிளேட் விழும் சத்தத்தில் அமுங்கியது, சுருதியை 3 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றியதும் சரியானது. முதல் நாள் அடித்துக்கொண்டே இருந்தது, பக்கத்தில் தூக்கிய பெண் "அண்ணே, குக்கரை இறக்குங்க" என்றாள். வரம்பை 8 டிகிரிக்குத் தளர்த்தினேன். இப்போது காலி பாரில் 10 இழுப்புக்கு 3 தடவைதான். வேலூர் வெயிலில் வியர்வை ஊறி ஒரு போர்டு செத்துவிட்டது. அடுத்ததை ஹீட் ஷ்ரிங்க் டியூபில் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) போடலாமா, சூடாகிவிடுமா?